அலமாரிக்குள் நீண்ட கை

எங்கள் கடைக்கு ஷட்டர் கிடையாது, தராசு கிடையாது, தொட்டுப் பார்க்கச் சரக்கும் கிடையாது. ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறை, ஒன்பது நாற்காலி, ஏழு பேர். விற்பது வீடியோ கேம். வாங்குகிறவர் தன் வீட்டுக் கணினியில் எங்கள் கடையைத் திறந்து பணம் கட்டினால் கேம் அவருடைய அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அலமாரி என்பதும் பேச்சுக்குத்தான். எங்கள் சர்வரில் அவர் பெயரில் இருக்கும் ஒரு பட்டியல், அவ்வளவே. வேண்டும்போது அதிலிருந்து தன் கணினிக்கு இறக்கிக்கொண்டு விளையாடலாம்.

நான் துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன். அங்கே வாடிக்கையாளர் துணியைக் கசக்குவார், நூலை உருவுவார், வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடிப்பார். சாயம் போகுமா என்று நான்கு முறை எங்களிடம் கேட்டுவிட்டு ஐந்தாவது முறை பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்பார். அவ்வளவு சந்தேகத்துக்கும் ஒரு முடிவு உண்டு. பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டால் துணி அவருடையது. காற்றை விற்கிற கடையில் எதைக் கசக்கிப் பார்ப்பது? கடைக்காரன் வாய்ச்சொல்லைத்தான். அதனால் கடை தொடங்கிய வருஷம், முகப்பில் போட ஒரு வரி எழுதித் தரும்படி மச்சான் கேட்டபோது மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன்: 'வாங்கியது உங்களுடையது. எங்களாலும் எடுக்க முடியாது.'

மச்சான் என்றால் அக்காவின் கணவர். கடைக்கு முதலாளி அவர். அதை இயக்கும் நிரலை எழுதியதும் அவரே. கேம் தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் போடுவது அக்கா. அவள் பேரத்தில் இறங்கினால் எதிரில் உட்கார்ந்தவர் போட்டிருக்கும் சட்டையையும் தள்ளுபடியில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. 'கடைத்தம்பி' என்று கையெழுத்துப் போடுவேன். ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயரில் நான் எழுதிய கடிதங்களை வரிசையாக அடுக்கினால் கீழே சலவைக் கடைக்காரர் இஸ்திரி போட இடம் இருக்காது.

வாடிக்கையாளர்களுக்கும் புனைபெயர்தான். வாலறுந்த பட்டம், எட்டாம் நம்பர், பாதிச் சப்பாத்து என்று ஆளுக்கொன்று. அவர்களில் எங்கள் முதல் ஆள் கோழித்தூக்கம். கடை திறந்த அன்று காலை, முதல் கேமை வாங்கியவர். இன்று இருநூற்றுப் பன்னிரண்டு கேம் அவர் அலமாரியில். மாதம் இரண்டு புகார் தவறாமல் வரும். எழுத்து சின்னதாக இருக்கிறது, நிறம் கண்ணைக் குத்துகிறது, போன வாரம் நீ எழுதிய பதிலில் மரியாதை குறைவு. ஆனால் கடையின் பேச்சுப் பலகையில் புதிதாக வருகிறவர் எவராவது, 'இவர்களை நம்பலாமா? நாளைக்குக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டால்?' என்று கேட்டால், எனக்கு முன்னால் கோழித்தூக்கம் பதில் போட்டிருப்பார்: 'முகப்பு வரியைப் படி. அதை நம்பித்தான் நான் இத்தனை வைத்திருக்கிறேன்.' சம்பளம் இல்லாத சாட்சி. அப்படி ஒருவர் கிடைக்க எங்கள் துணிக்கடையில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தோம், கிடைக்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு திருடன் வந்தான். புது கேமின் கதாநாயகன். அரண்மனை, பூட்டு, கயிறு என்று பிரமாதமான கேம். பெரிய கடைகளெல்லாம் விற்கப்போகின்றன. அதே நாளில் எங்களுக்கும் விற்க அனுமதி வாங்கிவிட்டாள் அக்கா. பெரிய கடைகளின் கூச்சலில் எங்கள் குரல் எடுபட வேண்டுமே என்று விளம்பரத்துக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டோம். எதைச் சொன்னாலும் "இது வெடிக்கும் பாருங்க" என்று முடிப்பார். இரண்டாம் நாளே வெடி என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் தெரியும்; சந்தோஷம்தான் பட்டார்.

வெடி நாற்காலியில் உட்காராமல் மேசை விளிம்பில் உட்கார்ந்து சொன்னார்: "கேம்ல அவன் திருடன்தானே? அவன் நம்ம கடைக்கே வந்துடறான். ஒவ்வொருத்தர் அலமாரியிலயும் ஒரு கேமைத் தூக்கிடறான். காலி இடத்துல ஒரு சீட்டு. 'உன் பொருள் என்கிட்ட இருக்கு, தைரியம் இருந்தா வா.' அதை அழுத்தினா புது கேமோட பக்கம். ரெண்டு மணி நேரம் கழிச்சு எல்லாத்தையும் திருப்பி வெச்சுடறோம். இது வெடிக்கும் பாருங்க."

"எந்த கேமைத் தூக்கறது?" என்றாள் அக்கா.

"இருக்கறதுலயே பழசை. முதமுதல்ல வாங்கினதை. அதுலதான் பாசம் இருக்கும். பாசம் இருக்கற இடத்தைக் கிள்ளினாத்தான் சத்தம் வரும்."

"எல்லாம் சரி," என்றேன் நான். "ஆனா நம்மளால எடுக்க முடியாதே. முகப்புலயே போட்டிருக்கோமே."

வெடி மச்சானைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கில்லாத கண்ணாடியை ஒருவர் துடைத்தால் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"அது முடியும், மாப்ள."

"எப்படி?"

"ரீஃபண்ட் கேக்கறவங்களுக்கு என்ன பண்றோம்? கேமைத் திரும்ப எடுத்துட்டுக் காசைக் குடுக்கறோம்ல. அதே பட்டன்தான். காசுங்கற இடத்துல சைபர் போட்டா கேம் மட்டும் வந்துடும்."

"அது அவங்களா கேட்டாத்தானே மச்சான்?"

"யார் கேட்டாங்கன்னு பட்டனுக்குத் தெரியுமா?"

"ஒன்பது வருஷமா முடியாது முடியாதுன்னு ஊரெல்லாம் எழுதியிருக்கேனே!"

"அன்னிக்கு நீ என்கிட்ட வந்து, குடுத்த கேமைத் திருப்பி எடுப்பீங்களான்னு கேட்டே. சத்தியமா எடுக்க மாட்டேன்னேன். நீ போய் முடியாதுன்னு எழுதிட்டே. படிக்க நல்லா இருந்துது. நானும் விட்டுட்டேன்."

"நல்லா இருந்துதா?"

"நீ எழுதினா நல்லாத்தானே இருக்கும்?"

அக்கா சிரித்துவிட்டாள். வெடி சிரித்தார். அந்த நிமிஷமே நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை, பல் தெரிய நானும் சிரித்தேன். இரண்டு மணி நேரம்தானே, திருப்பி வைத்துவிடப் போகிறோமே, விஷயம் தெரியாதவரை இல்லாத ஒன்று தெரிந்ததால் மட்டும் முளைத்துவிடுமா என்றெல்லாம் எனக்கு நானே பேரம் பேசிப் படியவைத்துக்கொண்டேன். நம்மிடம் நாமே பேரம் பேசும்போது மட்டும் எப்படியோ முதல் விலைக்கே படிந்துவிடுகிறது. அது மட்டுமா, திருடன் சீட்டின் வாசகம் சப்பென்று இருக்கிறது என்று மெருகேற்றிக் கொடுத்ததும் நான்தான். இதை மறைத்துக் கதை சொன்னால் மச்சான் தலையில் எல்லாவற்றையும் கட்டியதாகிவிடும்.

ஒரு மாதம் கழித்து, குறித்த நாள் காலை பதினொரு மணிக்கு மச்சான் பட்டனை அழுத்தினார். நாற்பத்தோராயிரம் அலமாரிகளிலிருந்து ஆளுக்கொரு கேம் மறைந்தது. சீட்டு முளைத்தது. வெடி கையைத் தட்டினார்.

பதினொன்று மூன்றுக்கு முதல் கடிதம் வந்தது: 'நான் எப்போது கேட்டேன்?'

என்ன கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த கடிதம்: 'நான் கேட்கவே இல்லையே. யார் கேட்டது?' மூன்றாவது: 'என் கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். பயத்தில் மனைவியுடையதையும் மாற்றினேன். இப்போது இரண்டும் மறந்துவிட்டது.'

மச்சான் முகம் வெளுத்ததை அப்போதுதான் பார்த்தேன். ரீஃபண்ட் பட்டனை அழுத்தினால் கேம் மட்டும் திரும்பி வராது. கூடவே வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் தானாகப் போகும். எங்கள் முத்திரையோடு, என் எழுத்தில், கடைத்தம்பி என்ற கையெழுத்தோடு: 'நீங்கள் கேட்டபடி உங்கள் கேமைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். நன்றி.' நாளுக்கு இருபது தடவை எங்கள் கண் முன்னால் போகிற மெயில். நாளுக்கு இருபது தடவை போவதால்தான் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. வேறு எந்தக் கடைக்காரனும் இப்படித் தன் திருட்டுக்குத் தானே ரசீது போட்டு அனுப்பியிருக்க மாட்டான்.

திருடன் சீட்டு தமாஷ் என்று பார்த்தாலே தெரியும். 'நீங்கள் கேட்டபடி' தமாஷாக இல்லை. ஒரு தகப்பனார் எழுதினார்: 'என் மகன்தான் கை வைத்திருப்பான். அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.' பத்து நிமிஷம் கழித்து அவரே மறுபடி எழுதினார்: 'அவன் இல்லை என்கிறான். அழுகிறான். யார் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.'

"நிறுத்துங்க மச்சான்," என்றேன். "இப்பவே திருப்பி வைங்க."

"ரெண்டு மணி நேரம்னு பேச்சு," என்றார் வெடி.

"பேச்சா? அங்க ஒரு பையன் அழுதுட்டிருக்கான்யா!"

பதினொன்று நாற்பதுக்கு எல்லா கேமும் திரும்பிப் போய்விட்டன. அந்தத் தகப்பனாருக்கு முதலில் பதில் எழுதினேன். 'செய்தது நாங்கள். உங்கள் மகன் இல்லை. அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.' வெடி எல்லாருக்கும் ஒரே பதிலாக அனுப்பச் சொல்லி ஒன்றை நீட்டினார்: 'இது ஒரு விளையாட்டு! உங்கள் கேம்கள் எப்போதும் பத்திரம்!' வாங்கி ஓரமாக வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வெடி துள்ளிக் குதித்தார். "வந்து பாருங்க! சொன்னேன்ல!" கடைக்கு வருகிறவர்களின் வரைபடம் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிட ஆறு மடங்கு. கடை திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு கூட்டம் கிடையாது. "வெடிச்சுதா இல்லையா?"

மச்சான் குனிந்து பார்த்தார்.

"இவங்க வாங்க வரலை," என்றார்.

"பின்ன?"

"இறக்கிட்டிருக்காங்க. ஒவ்வொருத்தரும் அவங்க அலமாரியில இருக்கற எல்லாத்தையும் அவங்கவங்க கம்ப்யூட்டருக்கு இறக்கிட்டிருக்காங்க."

அடகுக் கடை ஒன்று கவிழப்போகிறது என்று பேச்சுக் கிளம்பினால் வாசலில் ஒரு கூட்டம் கூடும். எதிர்ப்பக்கத்து மாடியிலிருந்து பார்ப்பவனுக்கு, அடேயப்பா என்ன வியாபாரம் என்றுதான் தோன்றும். வெடி மாடியில் நின்று பார்த்தார். நான் வாசலில் நின்றேன்.

மூன்று மணிக்கு கோழித்தூக்கத்தின் கடிதம் வந்தது. நாள் முழுவதும் அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. நாற்பதாயிரம் பேரில் அவர் ஒருவர், தன் வாயால் எங்கள் வாக்கைப் பிறருக்குச் சொன்னவர். அவர் போனால் போவது ஒரு வாடிக்கையாளர் அல்ல. கடிதத்தில் மூன்று வரிதான்: 'ஒரு கேள்வி இருக்கிறது. எழுத்தில் வேண்டாம், எழுத்தில் நீங்கள் நன்றாக எழுதுவீர்கள். பேசுங்கள்.' கீழே ஒரு தொலைபேசி எண்.

ஒன்பது வருஷமாக அவரை இருபத்தைந்து வயசுப் பையன் என்று நினைத்திருந்தேன். போனை எடுத்தது ஐம்பதைத் தாண்டிய பெண்குரல். பின்னால் ஏதோ மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"கோழித்தூக்கம் இருக்காரா?"

"நான்தான். கடைத்தம்பியா? இருங்க, மெஷினை நிறுத்திக்கறேன். பல் செட்டு செய்யற இடம் இது, சத்தம் ஜாஸ்தி." கிறீச் நின்றது. "எழுத்துல பெரியவர் மாதிரி இருந்தீங்க. குரல் சின்னப் பையன் குரலா இருக்கே."

"நான் உங்களைச் சின்னப் பையன்னு நினைச்சேன்மா."

"நல்லது. ரெண்டு பேரும் ஏமாந்தோம். இப்ப கேள்விக்கு வரேன். அலமாரியில இருக்கறதை உங்களால எடுக்க முடியுமா, முடியாதா?"

மேசையில் வெடியின் பதில் கிடந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு பேரம் பேசலாம். தொழில்நுட்பக் கோளாறு, ஒரு தடவை மட்டும் திறந்த வழி, இனிமேல் அடைத்துவிட்டோம். விற்கத் தெரிந்தவனுக்கு வார்த்தைக்குப் பஞ்சமா?

"முடியும்மா."

"இன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்குமே முடியும். கடை தொறந்த நாள்லேர்ந்து."

மெஷினாவது ஓடக்கூடாதா என்றிருந்தது.

"அப்ப முடியாதுன்னு எழுதினது?"

"எனக்கே போன மாசம்தான்மா தெரியும். அதுவரைக்கும் நிஜம்னு நம்பித்தான் எழுதினேன்."

"போன மாசம் தெரிஞ்சப்பறம்?"

"அந்த வரியை எடுக்கல. அப்படியே விட்டுட்டேன். திருடன் சீட்டை எழுதினதும் நான்தான்."

"அதுவும் நல்லாத்தான் இருந்துது," என்றார். கிண்டலா என்று தெரியவில்லை. "தம்பி, புதுசா வந்தவங்க எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கேன் தெரியுமா? கண்ணை மூடிட்டு வாங்கு, நான் இருக்கேன்னு. இன்னிக்குக் காலையிலேர்ந்து அவங்கள்லாம் என்னைக் கேக்கறாங்க. உங்களை யாரும் கேக்கல, பாத்தீங்களா? சாட்சிக் கையெழுத்துப் போட்டவளைத்தான் பிடிக்கறாங்க."

"மன்னிச்சுடுங்கம்மா."

"இருக்கட்டும். இன்னொண்ணு. என் முதல் கேம் இருக்கே, அதை நேத்து வாங்கினதா காட்டுது. இல்ல, நேத்து இல்ல, இன்னிக்கு. பதினொண்ணு நாப்பதுக்கு வாங்கினேனாம்."

திருப்பி வைத்தோமே தவிர, எடுத்த இடத்தில் வைக்கவில்லை, புதிதாகக் கொடுத்திருக்கிறோம். கடை திறந்த காலையில், வேறு ஒருவரும் எட்டிப் பார்க்காத நேரத்தில் அவர் வாங்கிய கேம், இப்போது எங்கள் ஏட்டில் இன்றைய சரக்கு.

"அது ஒண்ணும் பெரிசில்லைம்மா, பழைய தேதியை நானே மாத்திடறேன்," என்றேன், உதவும் ஆவலில்.

"ஓ," என்றார் அவர். "தேதியையும் மாத்த முடியுமா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பயன்?

"மாத்த வேண்டாம்," என்றார் மெதுவாக. "அப்படியே இருக்கட்டும். எது நிஜமா நடந்ததோ அதையே காட்டட்டும். சரி தம்பி, ஒருத்தர் மேல்வரிசைப் பல்லுக்காக உக்காந்திருக்கார். வெக்கறேன்."

போனை வைத்ததும் மச்சான் உள்ளே வந்தார்.

"என்ன மாப்ள, எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டியா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"கேட்டா சொல்லிடறதா? நீ வியாபாரக் குடும்பம்தானே?"

"அதனாலதான் சொன்னேன். பொய்ச் சரக்கை ஒரு தடவை விக்கலாம் மச்சான். அதையே ரெண்டாவது தடவை அதே ஆளுக்கு விக்க முடியாது."

முகப்பு வரியை அன்று மாலையே நான் எடுத்தேன். மச்சான் தடுக்கவில்லை, கண்ணாடியை மட்டும் மறுபடி துடைத்தார். வெறுமையான இடத்துக்கு வேறு வரி எழுதித் தா என்று வெடி கேட்டார். எழுத வரவில்லை என்றேன். அதுவும் நிஜம்தான்.

மறுநாள் காலை பேச்சுப் பலகையில் கோழித்தூக்கம் நீளமாக ஒன்று எழுதியிருந்தார். திட்டு என்று நினைத்துத்தான் திறந்தேன். திட்டு ஒரு வார்த்தைகூட இல்லை. 'அவர்களால் எடுக்க முடியும். கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். என் பேச்சை நம்பி வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி யாரையும் நம்ப வேண்டாம், உங்கள் பொருளை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.' அதற்குக் கீழே, அலமாரி முழுவதையும் கணினிக்கு இறக்குவது எப்படி என்று பதினான்கு படிகள். பல் அளவெடுக்கிற கை அல்லவா, ஒவ்வொன்றும் அவ்வளவு துல்லியம். ஒன்பதாயிரம் பேர் அதற்குள் படித்துவிட்டார்கள்.

ஒன்பதாவது படி தப்பு.

எல்லா கேமையும் ஒரே ஃபோல்டரில் இறக்கச் சொல்லியிருந்தார். வேறு கடையாக இருந்தால் சரி. எங்கள் கடையில் ஒரு வழக்கம், மச்சானின் சோம்பலில் பிறந்தது. எந்த கேமை இறக்கினாலும் கோப்பின் பெயர் ஒன்றேதான், 'நிறுவு'. ஒரே ஃபோல்டரில் இறக்கினால் இரண்டாவது வந்து முதலாவதன் மேல் உட்காரும், மூன்றாவது வந்து இரண்டாவதன் மேல். இருநூறு கேமை இராப்பகலாக இறக்கியவர் கையில் கடைசியில் ஒன்று மிஞ்சும். அதுவும் என்றைக்காவது திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒளிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

"இது நாம எழுதினதில்லையே, மாப்ள."

"இல்ல."

"தப்பா செஞ்சா அவங்க கையில ஒண்ணும் நிக்காது. திரும்ப நம்மகிட்டத்தான் வரணும்."

"ஆமா."

"நாம ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

"நேத்து வரைக்கும் சும்மாதானே மச்சான் இருந்தேன்?"

"டேய், இப்ப இதைத் திருத்தினா, ஜனங்களைக் கூப்பிட்டுக் கடையைக் காலி பண்ணுங்கன்னு நாமளே சொல்ற மாதிரி!"

அதுவரை பேசாமல் இருந்த அக்கா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஏங்க, வெளியே போறவன் பையைப் பிடிச்சு இழுத்தா அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வருவானா? தூக்கிவிடுங்க. கனமான பையா இருந்தா கூட நாலு படி இறங்கி வழியனுப்புங்க."

"தயாரிப்பாளருங்க கேட்டா?"

"நான் பேசிக்கறேன். தூக்கிட்டுப் போறது அவங்க காசு குடுத்து வாங்கினதைத்தானே? கடையையா தூக்கிட்டுப் போறாங்க?"

மச்சான் என் நாற்காலியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். நான் திருத்தலாம் என்று வாயால் சொல்லவில்லை. முதல் வேலையாகக் கோப்புப் பெயரை மாற்றினார். ஒன்பது வருஷச் சோம்பலைச் சரிசெய்ய அவருக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது. இனி ஒவ்வொரு கேமும் தன் சொந்தப் பெயரோடு இறங்கும். ஆனால் நேற்றிலிருந்து இறக்கியவர்கள்? அவர்களுக்காக அந்த ஒன்பதாவது படியையும் திருத்தியாக வேண்டும். கோழித்தூக்கத்தின் பதிவுக்குக் கீழே எழுதினேன்:

'ஒன்பதாவது படியில், ஒவ்வொரு கேமுக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள். தப்பு இதை எழுதியவருடையது அல்ல. எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்திருந்தது நாங்கள். நேற்றிலிருந்து ஒரே ஃபோல்டரில் இறக்கியவர்கள் மன்னிக்க வேண்டும், மறுபடி இறக்க வேண்டியிருக்கும். கூட்டம் தாங்க சர்வரைப் பெரிதாக்கியிருக்கிறோம். கடைத்தம்பி.'

பிறகு அவருடைய பதினான்கு படிகளையும், ஒன்பதாவதை மட்டும் திருத்தி, எடுத்து, கடையின் முகப்பில், வரி எடுத்த வெற்றிடத்தில் மாட்டினேன். வெடி வந்து அதைப் படித்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு, "இது வெடிக்காது," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நாள் பூராவும் இறக்கிக்கொண்டே இருந்தார்கள். மறுநாளும். திருடன் கேம் வந்தது. பெரிய கடைகளில் விற்றது, எங்களிடம் கொஞ்சம் விற்றது. வாலறுந்த பட்டம் கணக்கை மூடிவிட்டார். அழுத பையனின் தகப்பனாரும் மூடிவிட்டார். என் பதிலுக்கு நன்றி சொல்லி மூடினார், அதுதான் வலித்தது. எத்தனை பேர் திரும்புவார்கள் என்று அக்கா கேட்டாள். தெரியவில்லை என்றேன். துணிக்கடையில் படி இறங்குகிறவர் முதுகைப் பார்த்தே திரும்பி வருவாரா என்று சொல்லிவிடுவோம். இங்கே முதுகு தெரிவதில்லை.

மூன்றாம் நாள் மதியம் கோழித்தூக்கத்தின் கடிதம் வந்தது. வணக்கம் இல்லை, வழக்கமான புகார் இல்லை.

'ஒன்பது இப்போது சரியாக இருக்கிறது. பதினொன்றாவதில் எனக்குச் சந்தேகம். பழைய கணினியில் நின்றுவிடுகிறது என்று எட்டாம் நம்பர் சொல்கிறார். போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.'

மன்னித்துவிட்டார் என்று எங்கும் இல்லை. இருநூற்றுப் பதின்மூன்றாவதை வாங்குவார் என்றும் இல்லை. வேலை கொடுத்திருந்தார். மாடிப்படியின் கீழ் மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கணினி ஒன்றைத் தூக்கி வந்து, துடைத்து, முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினேன். பதினொன்றில் நின்றது.

"மச்சான், இங்க வாங்க," என்று கூப்பிட்டேன். "அந்தம்மா சொன்னது சரிதான்."